இரவல் செல்லோவோடு 3 ஆண்டுகள்

சென்ற மாதம் செல்லோவை, வயலின் குடும்பத்தின் அந்தப் பெரிய வாத்தியத்தை, திருப்பிக் கொடுத்துவிட்டேன். ஒப்பந்தத்தில் எழுதியிருந்தபடி சரியாக 3 ஆண்டுகள். ஒரு நாள் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. கையெழுத்துப் போட்டு, பெட்டியின் சாவியை மேசைமேல் வைத்துவிட்டு வெளியே வந்தபோது முதுகு கனமில்லாமல் இருந்தது. நடக்கவே சற்று நேரம் பிடித்தது.

இளம் இசைக்கலைஞர்களுக்கு நல்ல வாத்தியங்களை இரவல் தரும் ஓர் அறக்கட்டளையின் சேவையைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன். அதன் பெயரைச் சொல்லப்போவதில்லை. என்னோடு படித்த இருவர் வேறு இரண்டு அமைப்புகளிடம் வாத்தியம் வாங்கியிருந்தார்கள். ஒருநாள் மூவரும் எங்கள் ஒப்பந்தங்களை அருகருகே விரித்து வைத்துப் படித்தோம். தாளும் முத்திரையும்தான் வேறு. விதிகள் பெரும்பாலும் ஒன்றுதான். ஆகவே இரவல் வாத்தியத்துக்கு விண்ணப்பிக்க நினைக்கும் யாருக்கும் இது பயன்படும். என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: தயங்காமல் விண்ணப்பியுங்கள். ஆனால் கையெழுத்துப் போடும் முன்பு, திருப்பிக் கொடுக்க வேண்டிய தேதி எந்த மாதத்தில் வருகிறது என்று பாருங்கள். நான் பார்க்கவில்லை.

செல்லோ படிப்பவர்களுக்கு, உடம்பு வளர வளர வாத்தியத்தையும் மாற்ற வேண்டிய கட்டாயம் உண்டு. நான் 7 வயதில் கால் அளவுச் செல்லோவில் தொடங்கினேன். 10 வயதில் அரை அளவு, 12இல் முக்கால், 14இல் முழு அளவு. ஒவ்வொரு மாற்றத்தின்போதும் விரல்களுக்கு இடையே இருக்க வேண்டிய தூரம் மாறிவிடும்; முந்தைய நாள் வரை பிசகாத சுரம் மறுநாள் பிசகும். முழு அளவுக்கு வந்ததும் இனி இந்தத் தொல்லை இல்லை என்று நிம்மதியடைந்தேன். அந்த மாணவர் செல்லோவில்தான் டோட்சாவர், டுபோர் ஆகியோர் எழுதிய பயிற்சிகளை முடித்தேன். பாப்பரின் 40 எட்யூடுகளையும் (பயிற்சிக்கான இசைத் துண்டுகள்) அதில்தான் கடந்தேன். விரலுக்கு வேண்டிய உழைப்பை அது தாங்கியது. அந்த வாத்தியத்துக்கு நான் நன்றி மறக்க மாட்டேன்.

குறை வில்லில்தான் தெரிந்தது. இசைக் கல்லூரியின் இரண்டாம் ஆண்டில், மெல்ல வாசிக்க வேண்டிய இடங்களில் ஒலி மங்கியது. ஓங்கி வாசிக்க வேண்டிய இடங்களில் நெரிந்தது. இந்த இரண்டுக்கும் நடுவே வாத்தியத்தில் எதுவும் இல்லை. மலிவாகச் செய்யப்படும் செல்லோக்களில் மேல்பலகை உடைந்துவிடக் கூடாதே என்று தடிமனாகவே விட்டுவிடுவார்கள். தடித்த பலகை சிறு அசைவுக்கு அதிராது. அதை அதிரவைக்க நான் என்னையறியாமல் வில்லை அழுத்தப் பழகினேன். ஓராண்டுக்குள் வலது தோளில் வலி வந்தது. என் ஆசிரியை ஒரு மாலை பாடத்தைப் பாதியில் நிறுத்திவிட்டுச் சொன்னார்: "உன் கை கேட்பதை இந்த மரம் கொடுக்கவில்லை. இனிமேல் இதில் உழைத்தால் உனக்குத் தப்பான பழக்கம்தான் வளரும்." இதை எழுதக் காரணம், நல்ல வாத்தியம் என்றால் அலங்காரம் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. ஒரு கட்டத்துக்குமேல் வாத்தியம்தான் கையைப் பழக்குகிறது.

நல்ல பழைய செல்லோவை இளம் வயதில் சொந்தமாக வாங்குவது கிட்டத்தட்ட யாருக்கும் ஆகாத காரியம். புகழ்பெற்ற இத்தாலிய வாத்தியக் கைவினைஞர் ஸ்ட்ராடிவாரி செய்த செல்லோக்களில் இன்று மிஞ்சியிருப்பவை சுமார் 60தான். 1712இல் அவர் செய்த 'டேவிடோவ்' செல்லோ, செல்லோ கலைஞர் ஜாக்குலின் டு ப்ரேயின் கையில் இருந்தது. அவருக்குப் பின் இன்னொரு செல்லோ கலைஞரான யோ-யோ மாவிடம் வந்தது. அவரும் அதை இரவலாகத்தான் வாசிக்கிறார். 2016இல் பிபிசி இளம் இசைக்கலைஞர் விருதை ஷோஸ்டகோவிச்சின் முதல் செல்லோ கன்செர்ட்டோவை (தனி வாத்தியம் இசைக்குழுவோடு சேர்ந்து வாசிக்கும் படைப்பு) வாசித்து வென்ற ஷேக்கு கானே-மேசன், இப்போது கைக்கொண்டிருக்கும் பழங்கால வாத்தியக் கைவினைஞர் மட்டேயோ கோஃப்ரில்லரின் செல்லோவும் இரவல்தான். இரவல் வாங்குவதில் கூச்சப்பட எதுவும் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொள்ள இந்த இரண்டு பெயர்களும் போதுமாக இருந்தன.

விண்ணப்பம் எளிதுதான். ஒரு படிவம், இரண்டு பரிந்துரைக் கடிதங்கள், வெட்டி ஒட்டாமல் ஒரே மூச்சில் பதிவு செய்த அரை மணி நேர வாசிப்பு. பாக்கின் தனிச் செல்லோ தொகுப்பிலிருந்து ஒரு சராபாண்ட் (மெதுவான நடனப் பகுதி), பியாத்தியின் 12 கப்ரீஸ்களில் (விரல் திறமை காட்டும் தனிப் படைப்புகள்) ஒன்று, ஒரு கன்செர்ட்டோவின் முதல் பகுதி. பதிவைக் கேட்டுப் பிடித்தால் நேரில் அழைப்பார்கள். நேரில் போனபோது நடுவர் மூவர் இருந்தார்கள். 10 நிமிடம் வாசித்ததும் அவர்களில் மூத்தவர் கையை உயர்த்தி நிறுத்தினார். "சி தந்தியை மட்டும், விரல் வைக்காமல், ஒரு வில் நீளத்துக்கு வாசியுங்கள்" என்றார். செல்லோவின் நான்கு தந்திகளில் (சி, ஜி, டி, ஏ) மிகவும் தடித்தது அது. வாசித்தேன். "இன்னும் மெதுவாக." மறுபடி. "இன்னும் மெதுவாக." நான்காம் முறை வில்லின் முனை வரை போய்ச் சேர ஏறக்குறைய 20 விநாடி ஆனது. தலையை ஆட்டிவிட்டுக் குறித்துக்கொண்டார். எத்தனை கடினமான இடங்களைத் தயார்செய்து போயிருந்தேன்! அவர் பார்க்க விரும்பியது, நல்ல வாத்தியம் கையில் கிடைத்தால் அதைப் பேசவிடுவேனா, அதன்மேல் ஏறி உட்காருவேனா என்பதை மட்டும்தான். பொறுமையாகக் கேட்கத் தெரிந்த நடுவர்களை அமர்த்தியிருப்பதற்காகவே இந்தச் சேவைக்கு நான் நல்ல மதிப்பெண் கொடுப்பேன்.

5 வாரம் கழித்துக் கடிதம் வந்தது. 3 செல்லோக்களை வைத்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். இந்த இடத்தில் ஒரு விஷயத்தை நன்றாகச் சொல்ல வேண்டும். சிறிய அறையில் தேர்ந்தெடுக்காதீர்கள். அந்த அறக்கட்டளையே அருகில் இருந்த அரங்கம் ஒன்றை ஒரு மணி நேரத்துக்கு எடுத்துத் தந்தது. ஆசிரியையை உடன் அழைத்துவர அனுமதித்தது. நான் மேடையில், அவர் கடைசி வரிசையில் எனக்கு முதுகைக் காட்டியபடி. 3 வாத்தியங்களிலும் ஒரே எட்டு வரியை, வரிசையை மாற்றி மாற்றி வாசித்தேன். முதல் செல்லோ என் காதுக்குப் பிரமாதமாக இருந்தது. முழங்கால்கள் வரை அதிர்ந்தது. மூன்றாவது அருகில் கேட்க அடக்கமாக, கொஞ்சம் கரகரப்பாகக்கூட இருந்தது. அதை விட்டுவிடலாம் என்று மனத்துக்குள் முடிவே செய்துவிட்டேன். ஆசிரியை திரும்பிப் பார்க்காமலே சொன்னார்: "கடைசியாக வாசித்தது. அது மட்டும்தான் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வாசிப்பதுபோல் கேட்டது." அவர் சொன்னது மூன்றாவதை. முதல் செல்லோவின் ஒலி முழுவதும் என்னைச் சுற்றியே தங்கிவிட்டது. அரங்கின் கடைசிக்குப் போகவில்லை. வாசிப்பவரின் காதில் விழும் அந்தக் கரகரப்புதான், தூரத்தில் தெளிவான ஒலியாக மாறுகிறது. தனியாகப் போயிருந்தால் தவறான வாத்தியத்தோடு திரும்பியிருப்பேன்.

அந்த மூன்றாவது செல்லோவைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன். உள்ளே செய்தவர் பெயர்ச்சீட்டு இல்லை. 1880 வாக்கில் பிரெஞ்சுப் பட்டறை ஒன்றில் செய்யப்பட்டிருக்கலாம் என்று மட்டும் சான்றிதழ் சொன்னது. மேல்பலகை ஸ்ப்ரூஸ் மரம், பின்பலகை இரண்டு துண்டு மேப்பிள் மரம். தந்திகளைத் தாங்கும் பாலமான குதிரையின் வலதுகாலுக்குக் கீழே ஒரு பழைய விரிசல்; உட்புறம் சிறு மரத்துண்டுகள் வைத்து ஒட்டியிருந்தார்கள். என் கண் ஓயாமல் போய் நின்ற இடம் மேல்தோளின் வலதுபுறம். அங்கே உள்ளங்கையளவுக்கு வார்னிஷ் தேய்ந்து வெற்று மரம் தெரிந்தது, தேன் நிறத்தில், வழவழப்பாக. கட்டைவிரலைத் தந்திமேல் படுக்கவைத்து உச்சச் சுரங்களை வாசிக்கும்போது இடதுகை வந்து உரசும் இடம் அது. 100 ஆண்டுகளுக்கு மேலாக எத்தனையோ கைகள் அதே இடத்தில் உரசியிருக்கின்றன. ஹைடனின் டி மேஜர் கன்செர்ட்டோவில் அந்த உச்சிக்கு முதன்முறை ஏறியபோது என் கையும் அங்கேதான் போய் நின்றது.

பெட்டியின் பக்க அறையில் ஒரு குறிப்பேடு இருந்தது. இந்த வாத்தியத்தை இரவல் வாங்கியவர்கள் எல்லோரும் அதில் எழுத வேண்டும் என்பது விதி. பெயர் எழுதக் கூடாது. வாத்தியத்தைப் பற்றி மட்டும். எனக்கு முன் 6 பேர் எழுதியிருந்தார்கள். "குளிர் தொடங்கினால் டி தந்தியின் பிரடை (தந்தியை முறுக்கும் முளை) வழுக்கும், உள்ளே அழுத்தியபடி திருப்பவும்." "வுல்ஃப் நோட் எஃப்புக்கும் எஃப் ஷார்ப்புக்கும் நடுவில். முழங்கால்களால் இலேசாக அணைத்தால் அடங்கும்." "ஏ தந்திக்குக் கனமானது வேண்டாம், மூச்சு முட்டுகிறது. இலகுவானது போடுங்கள்." கடைசியில் இருந்தவர் ஒரே ஒரு வரி எழுதியிருந்தார்: "காலையில் எழுந்ததும் அதட்டாதீர்கள், 10 நிமிடம் நீண்ட சுரங்கள் மட்டும்." இந்தச் சேவையில் எனக்கு மிகவும் பிடித்தது இந்த நோட்டுப் புத்தகம். வேறு அமைப்புகளில் இது இல்லை என்று நண்பர்கள் சொன்னார்கள். எல்லோரும் இதைப் பின்பற்ற வேண்டும். 6 பேரின் அனுபவம் எனக்கு முதல் நாளே கிடைத்தது.

வுல்ஃப் நோட் என்பது புதிதாகப் படிப்பவர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். செல்லோவின் உடல் இயல்பாகவே அதிர விரும்பும் ஒரு சுரம் உண்டு. தந்தியில் நாம் அதே சுரத்தை வாசிக்கும்போது தந்தியும் உடலும் ஒன்றையொன்று இழுத்துப் பிடித்து, ஒலி விட்டுவிட்டு உறுமும். பெரும்பாலான நல்ல செல்லோக்களுக்கு இது உண்டு. குதிரைக்குக் கீழே, தந்தியின் பின்பகுதியில் ஒரு சிறு பித்தளைக் குழாயை மாட்டி அடக்கலாம். எங்கே மாட்டுவது என்பதை அரை சென்டிமீட்டர் அரை சென்டிமீட்டராக நகர்த்தித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

அறக்கட்டளை எனக்கு ஓர் அறிவுரை சொன்னது: முதல் 2 மாதம் மேடை ஏறாதே. நான் கேட்கவில்லை. மூன்றாம் வாரமே ஒரு மாணவர் இசைக்குழுவோடு சான்-சான்ஸின் முதல் கன்செர்ட்டோவை வாசிக்க ஒப்புக்கொண்டிருந்தேன். விட மனம் வரவில்லை. 1872இல் எழுதிய அந்த ஏ மைனர் கன்செர்ட்டோவில் வாத்தியக்குழு ஒரே ஒரு தட்டுத் தட்டும். அவ்வளவுதான், அடுத்த நொடியே செல்லோ மேலிருந்து சரிந்து இறங்க வேண்டும். உட்கார்ந்து மூச்சுவிட்டு, கையைப் பழக்கிக்கொள்ள நேரம் கிடையாது. என் பழைய செல்லோவைவிட இதில் தந்தியின் நீளம் ஒரு சென்டிமீட்டர் குறைவு. கழுத்தின் அடிவளைவும் சற்றே மேலே இருந்தது. நான்காம் நிலைக்குப் போகும்போது கட்டைவிரல் அந்த வளைவைத் தொட்டுத்தான் இடத்தை அறியும்; ஆண்டுக்கணக்கில் அறிந்த இடம் அங்கே இல்லை. முதல் பக்கத்திலேயே இரண்டு தாவல்கள் சுருதி விலகின. அவை எனக்குக் கேட்டன, அரங்கத்துக்கும் கேட்டிருக்கும். அன்றிரவு வீட்டுக்குப் போய், கழுத்தின் அடியிலிருந்து ஒவ்வொரு சுரமாக, சிறு குழந்தைபோல் மறுபடியும் தொடங்கினேன். 6 வாரத்தில் கை பழகியது. 2 மாதம் என்று அவர்கள் சொன்னது சும்மா சொன்னதில்லை.

ஆண்டுக்கொருமுறை அறக்கட்டளையின் பட்டறையில் வாத்தியத்தைக் காட்ட வேண்டும், செலவு அவர்களுடையது. தந்தியும் வில்லுக்கு மயிர் மாற்றுவதும் நம்முடையது. முதல் ஆண்டுச் சோதனைக்குப் போனபோது, டி தந்தி மட்டும் கொஞ்ச நாளாக மூக்கால் பேசுவதுபோல் இருக்கிறது என்றேன். பட்டறைக்காரர் என்னை வாசிக்கச் சொல்லிக் கண்ணை மூடிக் கேட்டார். பிறகு 'எஸ்' போல வளைந்த ஓர் இரும்புக் கருவியை எஃப் வடிவத் துளைக்குள் நுழைத்து, பல் மருத்துவர் வைத்திருக்கும் சிறு கண்ணாடியால் உள்ளே பார்த்தபடி, எதையோ ஒருமுறை மெல்லத் தட்டினார். உள்ளே மேல்பலகைக்கும் பின்பலகைக்கும் நடுவே, ஒட்டாமல், அழுத்தத்திலேயே நிற்கும் மரக்குச்சி அது, சவுண்ட் போஸ்ட். இத்தாலிய மொழியில் அதை 'ஆனிமா' என்கிறார்கள். உயிர் என்று பொருள். அரை மில்லிமீட்டர்கூட நகர்ந்திருக்காது. "இப்போது வாசிம்மா" என்றார். டி தந்தி தொண்டையைத் திறந்துகொண்டது. தட்டியதற்கும் ஒலிக்கும் நடுவே ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அந்த மனிதரின் கையைப் பற்றிக்கொள்ளத் தோன்றியது. நான்கு தந்திகளும் சேர்ந்து 60 கிலோ அளவுக்கு இழுத்துப் பிடிக்கும் ஒரு பெட்டியை, உள்ளே நிற்கும் ஒரு குச்சியின் நுனியால் பேசவைக்கத் தெரிந்தவர்.

விதிகள் கடுமை. ஆனால் ஒவ்வொன்றுக்கும் காரணம் உண்டு. ஆளில்லாத காரில் ஒரு நிமிடம்கூட வைக்கக் கூடாது. வைத்தால் காப்பீடு செல்லாது. பெட்டிக்குள் ஈரப்பதம் 40 விழுக்காட்டுக்கும் 60 விழுக்காட்டுக்கும் நடுவே இருக்க வேண்டும். உள்ளே ஒரு மானி பொருத்தியிருக்கிறார்கள். காற்று வறண்டால் மரம் சுருங்கிப் பழைய விரிசல் வாய் திறக்கும், ஈரம் ஏறினால் ஒட்டு விடும். விமானத்தில் சரக்கறையில் போடவே கூடாது. செல்லோவுக்கென்று தனி டிக்கெட் எடுத்து, சன்னலோர இருக்கையில் கழுத்து கீழே சரியாதபடி பெல்ட் போட்டு உட்காரவைக்க வேண்டும். அந்த இரண்டாவது டிக்கெட்டை அறக்கட்டளை தராது. போட்டிகளுக்குப் போகத் திட்டமிடும்போது இதைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒருமுறை நான் சேர்க்காமல் விட்டு, ஒரு போட்டியின் முதல் சுற்றுக்குப் போகாமலே இருந்துவிட்டேன்.

எல்லை கடக்கும் காகிதங்களில்தான் இந்தச் சேவை தடுமாறியது. செல்லோவோடு ஒரு பழைய வில்லும் கொடுத்தார்கள். அதன் நுனித் தகடு தந்தம், குச்சி பெர்னாம்புகோ. தந்தமும் சரி, பெர்னாம்புகோ மரமும் சரி, அருகிவரும் உயிரினங்களுக்கான சைட்டீஸ் ஒப்பந்தத்தின் பட்டியலில் இருப்பவை; பெர்னாம்புகோ 2007இல் சேர்க்கப்பட்டது. தந்தம் உள்ள பழைய வில்லை எல்லை தாண்டிக் கொண்டுபோக அனுமதிச் சான்று வேண்டும். விண்ணப்பம் போட வேண்டியது உடைமையாளரான அறக்கட்டளை. 4 மாதம் முன்பே எழுதிக் கேட்டேன். இரண்டு முறை நினைவூட்டினேன். புறப்படும் நாள் வரை சான்று வரவில்லை. அந்த வில்லை வீட்டில் விட்டுவிட்டு, தோழியின் வில்லைக் கடன் வாங்கிக்கொண்டு போனேன். ஒரு வில்லின் எடை எங்கே நிற்கிறது என்பதை மணிக்கட்டு நாள்கணக்கில் கற்கிறது. இரண்டு நாளில் கற்பதற்கு அது சம்மதிக்காது. துள்ளும் வில் வேண்டிய இடங்களில் எல்லாம் தடுக்கியது. பிறகு வருத்தம் தெரிவித்துக் கடிதம் எழுதினார்கள். அதை நான் மதிக்கிறேன். ஆனாலும் இரவலில் வில்லும் சேர்ந்து வந்தால், அதன் நுனி எதனால் ஆனது என்று முதல் நாளே கேளுங்கள். சான்று கைக்கு வராமல் அந்த வில்லை நம்பி எந்த ஆடிஷனுக்கும் பெயர் கொடுக்காதீர்கள்.

இனி, இந்த வாத்தியம் எனக்கு என்ன கொடுத்தது என்று சொல்கிறேன். பாக்கின் ஐந்தாம் தொகுப்பை அவர் எழுதியபடியே, ஏ தந்தியை ஒரு முழுச்சுரம் ஜிக்கு இறக்கி வாசிக்கும் துணிவு இதில்தான் வந்தது. மாணவர் செல்லோவில் இறக்கினால் தந்தி தளர்ந்து தொங்கும். இதில் இருண்டு, குரல் இன்னும் கீழே இறங்கிப் பேசியது. அந்தத் தொகுப்பின் சராபாண்டில் இரட்டைச் சுரம் ஒன்றுகூட இல்லை. தனி வரி மட்டும்தான். துணைக்கு எதுவும் வராத இடத்தில் ஒலியின் நிறம் ஒன்றே துணை. கோடாய் 1915இல் எழுதிய தனிச் செல்லோ சொனாட்டாவுக்குக் கீழ் இரண்டு தந்திகளையும் அரைச்சுரம் இறக்க வேண்டும். அதற்கு முன்பு பட்டறைக்காரரிடம் கேட்டேன். "ஒரே நாளில் ஏற்றி இறக்காதே. இறக்கிவிட்டால் ஒரு வாரம் அப்படியே விடு. குதிரை முன்னால் சாய்கிறதா என்று தினமும் பார்" என்றார். அப்படியே செய்தேன், ஒரு போட்டியின் அரையிறுதியில் வாசித்தேன். இறுதிக்குப் போகவில்லை. வாசித்து முடித்ததும் சி தந்தியின் கடைசி அதிர்வு அரங்கின் பின்சுவர் வரை போய்த் திரும்பியதைக் கேட்டேன். வலது தோளில் வலி இல்லாமல் எழுந்தேன். எனக்கு அன்று அது போதும்.

இசைக்குழு ஆடிஷன்களில் வேறொரு பயன். பல ஆடிஷன்களில் வாசிப்பவருக்கும் நடுவர்களுக்கும் நடுவே திரை இருக்கும். உங்கள் உடையோ முகமோ அவர்களுக்குத் தெரியாது, ஒலி மட்டும். பீத்தோவனின் ஐந்தாம் சிம்பொனியின் இரண்டாம் பகுதித் தொடக்கம் எல்லா ஆடிஷன்களிலும் கேட்கப்படும் இடங்களில் ஒன்று. வயோலாக்களும் செல்லோக்களும் சேர்ந்து பாடுவதுபோல் தொடங்கும். எல்லோரும் சரியான சுரம்தான் வாசிப்பார்கள். சொல்வதுபோல் வாசிப்பவர் சிலர். அந்த 8 அடிகளை நான் கணக்கில்லாத முறை வாசித்திருக்கிறேன். இந்தச் செல்லோவில் வாசித்த இரண்டாவது ஆடிஷனில் ஓர் இசைக்குழுவின் மாற்றுக் கலைஞர் பட்டியலில் இடம் கிடைத்தது. அதுதான் என் முதல் சம்பளம்.

ஆண்டுக்கு இரண்டு முறை நன்கொடையாளர்களுக்காக வாசிக்க வேண்டும் என்பதும் ஒப்பந்தத்தில் உண்டு. சுமை என்று நினைத்துப் போனேன், இல்லை. முதல் முறை, வாசித்து முடித்ததும் ஒரு முதியவர் எழுந்து வந்து, அந்தத் தேய்ந்த தோளை விரலால் தொடலாமா என்று கேட்டார். தொட்டுவிட்டு ஒன்றும் பேசாமல் போய் உட்கார்ந்தார். அந்த மாலையை மறக்க முடியவில்லை.

இப்போது என் மனக்குறை. 3 ஆண்டு முடியும் தேதி, நான் 2 ஆண்டாகத் தயார்செய்த ஓர் ஆடிஷனுக்கு 16 நாள் முன்பு விழுந்தது. 6 வாரம் நீட்டித் தாருங்கள் என்று எழுதினேன். ஒரே வரியில் மறுத்துவிட்டார்கள். எனக்கு அடுத்தவர் காத்திருக்கிறார் என்பது நியாயம். நானும் அப்படிக் காத்திருந்தவள்தான். 3 ஆண்டு என்பதும் நியாயம். ஆனால் எந்த மாதத்தில் முடிய வேண்டும் என்பதில் யோசனை வேண்டும். இசைக்கலைஞரின் ஆண்டில் கச்சேரிகளும் ஆடிஷன்களும் குவியும் மாதங்களும் உண்டு, ஓய்ந்திருக்கும் மாதங்களும் உண்டு. எல்லா ஒப்பந்தங்களையும் ஓய்வு மாதத்தில் முடியும்படி எழுதினால் யாருக்கும் நட்டமில்லை. அடுத்தவருக்கும் கை பழக 2 மாதம் கிடைக்கும். அவர்களே சொல்லும் அந்த 2 மாதம்! இதைக் கடிதமாக எழுதிக் கொடுத்திருக்கிறேன். மாற்றுவார்கள் என்று நம்புகிறேன். ஏனென்றால் மற்ற எல்லாவற்றிலும் வாத்தியத்தையும் வாசிப்பவரையும் மதிக்கிற அமைப்பு அது.

அந்த ஆடிஷனுக்கு என் பழைய மாணவர் செல்லோவோடு போனேன். வியப்பாக இருந்தது, அதை அழுத்தத் தோன்றவில்லை. கொடுக்கும் அளவுக்கு மட்டும் கேட்டேன். ஒலி சிறிதாகத்தான் வந்தது, ஆனால் நெரியவில்லை. இடம் கிடைக்கவில்லை, குறிப்பில் "ஒலி போதாது, வில் நன்று" என்று எழுதியிருந்தார்கள். அடுத்த விண்ணப்பத்தை வேறொரு அமைப்புக்கு அனுப்பியிருக்கிறேன்.

திருப்பிக் கொடுத்த அன்று, அடுத்து வாங்குபவளும் வந்திருந்தாள். 18 வயதுதான் இருக்கும். பெட்டியைத் திறந்ததும் நேராக அந்தத் தேய்ந்த தோளைத்தான் பார்த்தாள். "அக்கா, வுல்ஃப் எங்கே இருக்கிறது?" என்று கேட்டாள். ஜி தந்தியில் காட்டினேன். முழங்காலால் எப்படி அணைக்க வேண்டும் என்றும் காட்டினேன். உடனே அடங்கியது. பிறகு நோட்டுப் புத்தகத்தை எடுத்து, 6 பேருக்குக் கீழே என் பங்கை எழுதினேன்:

"பித்தளைக் குழாயை ஜி தந்தியில் குதிரையிலிருந்து ஐந்தரை சென்டிமீட்டரில் வைத்திருக்கிறேன். டி தந்தி மூக்கால் பேசினால் தந்தியை மாற்றாதீர்கள், பட்டறைக்குப் போங்கள். டி தந்திப் பிரடை இப்போது வழுக்குவதில்லை, சரிசெய்தாகிவிட்டது. ஏ தந்தியை ஜிக்கு இறக்கிப் பாருங்கள்."